பெயரிட்டுப் பொருள் வைத்தல்

கல்லூரி விழாமலரொன்றைக் கையிலெடுப்போர் முதலிற் செய்வது யாது? தம்மோடு உடன்பயின்றார் பெயர்கள் அதில் எங்கேனும் உளவோ எனத் தேடுவதே. கட்டடம் பழுதுபட்டாற் புதுக்கிக்கொள்ளலாம்; மைதானம் குறுகினால் விரித்துக்கொள்ளலாம். இடாப்பில் இருந்த ஒரு பெயர் அழிந்துபோனால், அப்பெயருக்குரியார் இங்குக் கற்றார் என்பதற்குச் சான்றே இல்லாது போய்விடும். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரிலே தம் பதிவேடுகளை இழந்த பாடசாலைகள் வடக்கிலும் கிழக்கிலும் உண்டு. ஆதலின், எஞ்சிய ஏடுகளைக் கணினியில் ஏற்றிப் பேணுதல் வேண்டும் என்னும் எண்ணம் பழைய மாணவரிடையே வலுத்து வருதல் மிகவும் பாராட்டத்தக்கதேயாம். அப்பணி தொடங்குமுன் கருதவேண்டியது ஒன்றுண்டு. கணினியிலே பெயரிட்டுப் பொருளை வைக்கும் முறை எத்தகையது, அதில் நாம் எங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பதே அது. தமிழாசிரியன் ஒருவன் இதனைப் பேசப் புகுவது எல்லை கடந்த செயலெனச் சிலர்க்குத் தோன்றலாம். பெயரும் எழுத்தும் வழக்கும் எங்கே வருகின்றனவோ அங்கே மொழியாசிரியனுக்கு இடமுண்டு என்பது என் துணிபு.

கணினிக்கு இடும் கட்டளைகளின் கோவையைச் செய்நிரல் என்பர். அது எழுதுதற்குரிய மொழிகளுள் ஸ்கிரிப்ட் மொழிகள் எனப்படுவன, எழுதியவாறே உடனுக்குடன் இயக்கிப் பார்க்கத்தக்க எளிமையுடையன. பைதன், ஜாவாஸ்கிரிப்ட், பேர்ள், லுவா முதலியன அவ்வகையின. நம் நாட்டில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணாக்கர் பைதனையே பயில்கின்றனர். இம்மொழிகளிற் பல பொருள்களை ஒருங்கே வைத்தற்கு இரு வழிகள் உள. ஒன்று, இடத்தின் எண்ணைக் கொண்டு வைப்பது. மற்றொன்று, பெயரைக் கொண்டு வைப்பது.

வகுப்பறையில் முதலாம் வாங்கு, இரண்டாம் வாங்கு என எண்ணி மாணாக்கரை இருத்துவது போன்றது முதல்வழி. இடையில் ஒருவன் விலகி, ஏனையோர் முன்னே நகர்ந்தால், நேற்று ஐந்தாம் இடத்தில் இருந்தவன் இன்று நான்காம் இடத்தினன் ஆவான். இடத்தைச் சொல்லி ஆளை அழைப்போன் அப்பொழுது பிழைபடுவான். இரண்டாவது வழி பெயர்சொல்லி அழைப்பது. எங்கே இருந்தாலும் பெயருக்குரியவன் எழுந்து நிற்பான். புள்ளி["யோகராசா"] = 78 எனப் பைதனில் எழுதினால், யோகராசா என்னும் பெயரின்கீழ் 78 என்பது வைக்கப்படும். பின்னர்ப் புள்ளி["யோகராசா"] என வினவினால் 78 என விடை வரும். இங்கே பெயரைத் திறவுச்சொல் என்றும், வைக்கப்பட்டதைப் பெறுமானம் என்றும் சொல்வோம். பூட்டுக்குரிய கருவியை நம்மவர் திறப்பு என்பர். பெறுமானத்தைத் திறந்து தருவது இச்சொல்லாதலின் திறவுச்சொல் என்னும் பெயர் பொருந்தும்.

இந்த அமைப்புக்குப் பைதன் மொழியார் இட்ட பெயர் அகராதி என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லேயாம். லுவாவில் இஃது அட்டவணை எனப்படும். பேர்ளில் ஹாஷ் எனப்படும். 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆகோ, வைன்பேர்கர், கேர்னிகன் ஆகிய மூவர் தம் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து ஓக் என்னும் சிறுமொழியை ஆக்கினர். சொற்களையே சுட்டாகக் கொண்டு பொருளை வைக்கும் வசதி அதில் இயல்பாகவே அமைந்திருந்தது. 1987இல் லாரி வோல் வெளியிட்ட பேர்ளும், 1991இல் குயிடோ வான் ரோசம் வெளியிட்ட பைதனும், 1993இல் பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோவிலே தோன்றிய லுவாவும், 1995இல் எழுந்த ஜாவாஸ்கிரிப்டும் இவ்வசதியைத் தத்தம் முறையில் மேற்கொண்டன. பெயராற் பொருளை அழைப்பது மனிதனுக்கு இயல்பாதலின், ஒரு மொழியேனும் இதனை ஒதுக்கிவிட இயலவில்லை.

பல்லாயிரம் பெயர்கள் இருப்பினும் வேண்டியதைக் கணினி கணத்தில் எடுத்துத் தருவது எவ்வாறு? நாம் அகராதியிற் சொற்பார்க்கும்போது அகரவரிசையைப் பற்றிச் செல்கிறோம். கணினி அவ்வாறு செல்வதில்லை. திறவுச்சொல்லின் எழுத்துக்களையெல்லாம் ஒரு கணக்கில் இட்டு அரைத்து ஓர் எண்ணாக்கி, அவ்வெண் காட்டும் அறையிலே பொருளை வைக்கிறது. மீண்டும் அதே பெயரைச் சொன்னால் அதே கணக்கைச் செய்து, அதே எண்ணைப் பெற்று, அதே அறையைத் திறக்கிறது. இருவேறு பெயர்கள் ஓரறைக்கே செல்ல நேர்ந்தால், அங்குள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்து உரியதைத் தெரிந்துகொள்கிறது. ஐ. பி. எம். நிறுவனத்திற் பணியாற்றிய ஹான்ஸ் பீற்றர் லூன் என்பார் 1953இலேயே இவ்வுபாயத்தை எழுதி வைத்தார். இங்கே கருத்திற் கொள்ளவேண்டியது, கணினி ஒப்பிடுவது எழுத்துக்களுக்குரிய எண்களையே என்பது. பொருளை அது நோக்குவதில்லை. அப்பெயரால் யாரைச் சுட்டக் கருதினோம் என்பதையும் அது அறியாது.

நம் முன்னோர் சொல்லையும் பொருளையும் பிணைத்து வைத்த முறையை இதனோடு ஒப்புநோக்கினால், மாணாக்கர்க்கு இது நன்கு விளங்கும். திவாகரமும் பிங்கலமும் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டும் மனனம் செய்தற்கெனச் செய்யுளில் இயன்றவை. சூடாமணி பன்னிரு தொகுதிகளையுடையது. அதன் முற்பகுதித் தொகுதிகள் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் தருவன. பதினோராந் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை நிரலிலே தருவது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைச் செய்தபோது பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாக வகுத்து அகரவரிசையில் அமைத்தார். மானிப்பாய் அகராதி என நம்மவர் போற்றும் 1842ஆம் ஆண்டு அகராதியும் அகரவரிசையினதே. இனிப் பைதனின் அகராதியைக் காண்போம். ஒரு திறவுச்சொல்லுக்கு ஒரு பெறுமானமே உண்டு. எனினும் அப்பெறுமானம் ஒரு பட்டியலாக இருக்கலாம். அவ்வாறு வைத்தால் அது சூடாமணியின் பதினோராந் தொகுதியை ஒத்தது. பல திறவுச்சொற்கள் ஒரே பெறுமானத்தைச் சுட்டினால் அது முற்பகுதித் தொகுதிகளை ஒத்தது. அகரவரிசை மட்டும் அதற்கு இல்லை. 2018இல் வந்த பைதன் 3.7 முதல், எந்த முறையில் இட்டோமோ அந்த முறையிலேயே திறவுச்சொற்கள் நிற்கும் என்பது விதியாயிற்று. நிகண்டை அறிந்த மாணாக்கனுக்கு இச்செய்தி புதிதாயினும் அந்நியமாகாது.

ஆயினும் நிகண்டுக்கும் கணினிக்கும் இடையே பெருவேறுபாடு ஒன்றுண்டு. நிகண்டை ஓதியவன் ஞாயிறு, கதிரவன், பரிதி எனும் மூன்றும் ஒன்றே என அறிவான். கணினிக்கு அவை மூன்றும் மூன்று அறைகள். ஒருவர் பதிவேட்டில் "தந்தை பெயர்" என்று தலைப்பிட, மற்றொருவர் "தந்தையின் பெயர்" என்றும், வேறொருவர் "தகப்பனார் பெயர்" என்றும் இட்டால், நமக்கு ஒன்றாகத் தோன்றுவன அதற்கு மூன்றாகும். பெயரின் ஈற்றிலே கண்ணுக்குப் புலனாகாத ஓர் இடைவெளி நின்றாலும் அது வேறு பெயரே. சேர்விலக்கத்தை 457 என எண்ணாக இடுவதும் "457" எனச் சொல்லாக இடுவதும் பைதனில் இருவேறு திறவுகள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரணப் பொருளமைப்பிலோ எண்ணும் சொல்லாக்கப்பட்டு ஒன்றாகிவிடும். ஆகவே பொருளொற்றுமையைக் காப்பது பெயரிடுவோரின் கடமையாகின்றது. இக்கடமையை மறந்தால் வரும் கேடுகள் மூன்று என்பேன்.

முதலாவது, ஒரு பெயரை இருவர் பெற்றிருத்தல். நம் ஊர் வழக்கிலே தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டுத் தன் பெயரை எழுதுகிறோம். க. சிவகுமார் என்பவன் கந்தையாவின் மகனாகலாம், கணபதிப்பிள்ளையின் மகனாகலாம், கனகசபையின் மகனும் ஆகலாம். மூவரும் ஒரே ஆண்டிலே கற்றிருக்கவும் கூடும். தாளில் எழுதிய இடாப்பிலே மூன்று வரிகள் இருக்கும். படிப்பவர் மூவர் எனக் கண்டுகொள்வர். கணினியிற் பெயரையே திறவுச்சொல்லாக்கினால், முதலாமவனுடைய பெறுமானத்தின்மேல் இரண்டாமவனுடையதும், அதன்மேல் மூன்றாமவனுடையதும் எழுதப்பட்டு, இறுதியில் ஒருவனே எஞ்சுவான். அவ்வேளையிற் கணினி எச்சரிக்கை ஒன்றும் செய்யாது. பெறுமானத்தை மாற்றும்படி நாம் கட்டளையிட்டதாகவே அது கொள்ளும். தீயில் எரிந்த ஏட்டைப் பற்றி நமக்குக் கவலையாவது உண்டு. அது போயிற்றென நாம் அறிவோம். இவ்வாறு மறைந்த இருவரைப் பற்றிய கவலைக்கும் இடமில்லை. பட்டியல் நிறைவாயிருப்பதாகவே தோன்றும்.

இரண்டாவது, ஒருவர்க்கே பெயர் பலவாதல். யோகராசா, யோகராஜா என இருவகையாகவும் எழுதுகிறோம். பத்திரத்தில் ஒன்றும் பரீட்சை விண்ணப்பத்தில் மற்றொன்றும் இருத்தல் வழமை. இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதாயினும் திருத்திக்கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடும் ஒன்றுண்டு. அதனைத் தமிழாசிரியர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். யோகராசா என்பது இலக்கணப்படி நான்கெழுத்துச் சொல். உலகப் பொதுக் குறியேற்றமாகிய யுனிகோட்டில் அது ஏழு குறிகளால் ஆனது. யோ என்பது யகரக் குறியும் ஓகார உயிர்க்குறியுமாக இரண்டு, க என்பது ஒன்று, ரா இரண்டு, சா இரண்டு. ஓகார உயிர்க்குறியை ஒன்றாக இடாமல், இரட்டைக்கொம்பு ஒன்றும் அரவு ஒன்றுமாகத் தனித்தனியே இட்டாலும் திரையில் அதே யோ தோன்றும். அப்பொழுது குறிகள் எட்டாகும். தட்டச்சுப்பொறி முறையிற் கொம்பையும் அரவையும் வேறுவேறாகத் தட்டும்போதும், பழைய எழுத்துருவில் இருந்தவற்றை மாற்றும்போதும் இது நேரலாம். கண்ணுக்கு ஒரே யோகராசா, கணினிக்கோ இருவர். ஒருவருடைய புள்ளிகள் ஓரறையிலும் அவருடைய பெற்றோர் விபரம் வேறோர் அறையிலும் சென்று அடைபடும்.

இதற்கு மருந்து உண்டு. ஒப்பான குறிகளை ஒரே வடிவுக்குக் கொணரும் இயல்பாக்க முறையை யுனிகோட் விதித்திருக்கிறது; அதைச் செய்யும் கருவி பைதனோடு உடன்வருகிறது. பைதன் தன் மாறிகளின் பெயர்களைத் தானே இயல்பாக்கிக்கொள்ளும். மேற்கோட் குறிக்குள் நாம் இடும் திறவுச்சொல்லை அவ்வாறு தானாக மாற்றாது. மாற்றும்படி நாமே கேட்டல் வேண்டும். கேளாதவர்க்கு அது கிடையாது. இம்மருந்துக்கும் அடங்காத நோய்களும் உள. ஸ்ரீ என்பதைச் சகாரத்தின் கிரந்த வடிவமாகிய ஸ கொண்டும் ஆக்கலாம். 2005இல் யுனிகோட்டிற் சேர்ந்த ஶ கொண்டும் ஆக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே தோற்றமுடையன. இயல்பாக்கினும் இவை ஒன்றாகா. ஔகாரத்தை ஓரெழுத்தாக இடாமல் ஒகரமும் ளகரமுமாக இடும் பழக்கமும் அத்தகையதே. ஸ்ரீஸ்கந்தராசா என்னும் பெயர் நம் ஊரில் அரிதன்று. அப்பெயரினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தாம் கற்றதற்குச் சான்று வேண்டி எழுதினால், அலுவலகத்தார் தேடிப்பார்த்து, அவ்வாறு ஒருவர் இங்குக் கற்றதில்லை என விடையனுப்ப நேரலாம். அவருடைய பெயரோ அதே கணினியில் அழியாது இருந்துகொண்டிருக்கும். இதனினும் பெரிய அநீதி வேறு யாது?

மூன்றாவது, இல்லாததை இருப்பதாகக் கொள்ளுதல். திறவுச்சொல் இல்லாவிடத்து மொழிகள் வெவ்வேறு வகையில் நடந்துகொள்கின்றன. ஓக் மொழியில் இல்லாத பெயரை வினவிய அளவிலேயே அப்பெயர் வெறுமையான பெறுமானத்தோடு தோன்றிவிடும். ஜாவாஸ்கிரிப்ட், வரையறுக்கப்படாதது என்னும் குறிப்பைத் தந்துவிட்டு மேலே செல்லும். பைதனோ அப்பெயர் இல்லை என வெளிப்படையாகப் பிழைகூறி நின்றுவிடும். தொடக்க மாணாக்கர் இந்நிற்றலைக் கண்டு வெறுப்பர். விரைவில் வேலை முடிய வேண்டுமென்பார், பெயர் இல்லையாயின் 0 எனக் கொள்க என ஒரு சிறு கட்டளையைச் சேர்த்துவிடுவர். அஃது எளிதே, பைதனிலேயே அதற்கு வழியுண்டு. ஆனால் ஆசிரியத்தொழில் செய்வோர் எவரும் அறிந்த ஒன்றை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். பரீட்சைக்கு வாராதவனும் பரீட்சை எழுதிச் சுழியம் பெற்றவனும் ஒருவரல்லர். புள்ளிப்பதிவிலே வாராதவனுக்கு நாம் வேறு குறியிடுவது அதனாலேயே. நோயுற்றுக் கிடந்த பிள்ளைக்கு 0 இட்டு, வகுப்பில் இறுதி நிலையை அளித்து, பெற்றோர்க்கு அறிக்கை அனுப்புதல் கொடுமையன்றோ? பெயரைத் தவறாக எழுதியதனாற் கணினிக்கு அகப்படாத பிள்ளைக்கும் அதே சுழியம் விழும். அறியேன் எனச் சொல்லும் கருவி, அறிந்ததுபோற் சுழியம் சொல்லும் கருவியினும் மேலானது. இவ்வகையில் நான் பைதனின் கண்டிப்பைப் போற்றுகிறேன்.

இவற்றைக் கேட்போர் சிலர், இத்தொல்லைகளெல்லாம் தமிழ் எழுத்தால் வருவன. உரோம எழுத்திற் பெயர்களை இட்டுவிட்டால் தீர்ந்துபோம் என்பர். ஆராய்ந்தால் இக்கூற்று நில்லாது. ஞானசேகரம் என்னும் பெயரை உரோம எழுத்தில் ஜீ, என் எனும் ஈரெழுத்தாலே தொடங்குவாரும் உளர். என் எனும் ஓரெழுத்தாலே தொடங்குவாரும் உளர். சிவகுமாரின் சகரத்துக்கு எஸ் ஒன்றே போதும் என்பாரும், அதனோடு எச் சேர்ப்பாரும் உளர். நெடிலுக்கு ஓர் ஏ இடுவாரும் ஈர் ஏ இடுவாரும் உளர். ழகர ளகர லகரங்களின் வேற்றுமை அங்கே பெரிதும் மறைந்துவிடுகிறது. தமிழில் ஒன்றாயிருந்த பெயர் அங்கே ஐந்தாறாகின்றது. தமிழில் வேறாயிருந்த பெயர்கள் அங்கே ஒன்றாகின்றன. ஆகவே எழுத்தை மாற்றுவது நோயை இடம்மாற்றுவதேயன்றித் தீர்ப்பதாகாது.

வேறு சிலர், இஃது தகவல் தொழினுட்ப ஆசிரியரின் வேலை. தமிழாசிரியர்க்கு இதில் என்ன அலுவல் என்பர். செய்நிரல் எழுதும் திறம் அவர்க்கே உரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் யோகராசாவும் யோகராஜாவும் ஒருவரோ இருவரோ என்பதை எந்தச் செய்நிரல் தீர்மானிக்கும்? ஒரு மாணாக்கனின் பெயரை அவன் குடும்பத்தார் எழுதுமாறு எழுதுவதா, நன்னூல் விதிப்படி திருத்தி எழுதுவதா என்னும் வினாவுக்கு எந்தப் பொறி விடைதரும்? இவை மொழி வழக்கும் மனித மாண்பும் பற்றிய வினாக்கள். தமிழாசிரியர் இதிலிருந்து ஒதுங்கினால், எழுத்தறியாத விசைப்பலகையொன்று நம் பிள்ளைகளின் பெயர்களைத் தீர்மானிப்பதற்கு நாமே இடங்கொடுத்தவராவோம்.

மற்றுமொரு சாரார், பெரிய தரவுத்தளங்கள் இவற்றையெல்லாம் தாமே பார்த்துக்கொள்ளும் என்பர். ஒரே திறவு இருமுறை வந்தால் மறுக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டென்பது மெய்யே. எது திறவு என நாம் முன்னரே தெரிந்து கட்டளையிட்டாலன்றி அவ்வாற்றல் பயன்படாது. பெயரையே திறவாக்கினாலோ, இரண்டாவது சிவகுமாரைப் பதியவே விடாது அது தடுத்து நிற்கும். மேலெழுதுவதினும் தடுப்பது நன்றே. ஆயினும் அப்பிள்ளைக்கு இடம் வேண்டுமன்றோ?

இனிச் செய்யத்தக்கது யாதெனிற் கூறுவேன். ஆளின் பெயரைத் திறவுச்சொல்லாக்குதல் ஆகாது. பாடசாலையிற் சேர்ந்த அன்று ஒவ்வொருவர்க்கும் இடப்பட்ட சேர்விலக்கமே திறவாதல் வேண்டும். நம் முன்னைய அதிபர்களும் எழுதுவினைஞர்களும் கணினியைக் கனவிலும் காணாத காலத்திலேயே, ஒருவர்க்கு இட்ட இலக்கத்தை மற்றொருவர்க்கு இடாது காத்து வந்தனர். அவர்கள் கைவண்ணத்தை நாம் மதிக்கும் வழி அவ்விலக்கத்தை முதற்றிறவாகக் கொள்வதேயாம். இலக்கம் அழிந்துபோன இடத்திலே பெயர், தந்தை பெயர், சேர்ந்த ஆண்டு ஆகிய மூன்றையும் ஒருங்குபிணைத்து ஒரு திறவாக்கலாம். மாறாத தொடராகப் பிணைத்த பலவற்றைத் திறவாக ஏற்கும் பைதன், பின்னர் மாற்றத்தக்க பட்டியலைத் திறவாக ஏற்பதில்லை. நாளைக்கு மாறக்கூடியதை இன்று அடையாளமாகக் கொள்ளலாகாது என்னும் அவ்விதி நாமும் கைக்கொள்ளத்தக்கது.

பெயர் திறவாகாவிடினும் பெறுமானமாக இருக்கும். ஆதலின் அதன் எழுத்தும் பேணப்படல் வேண்டும். உரியவர் எவ்வாறு எழுதினாரோ அவ்வாறே எழுதி, இயல்பாக்கி, வேறு வழக்குக்களையும் பக்கத்தில் ஒரு பட்டியலாக வைத்தல் நன்று. அப்பட்டியல் இருந்தால், யோகராஜா எனத் தேடுவார்க்கும் யோகராசா அகப்படுவார். தந்தை பெயர், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு முதலிய தலைப்புக்களை ஒரே வடிவில் ஆளுதற்கு ஒரு தாளில் எழுதி, பதிவு செய்வோர் அனைவர் மேசையிலும் வைத்தல் வேண்டும். தெரியாத இடத்தைத் தெரியாது என்றே பதிதல் வேண்டும். சுழியமிட்டோ ஊகித்தோ நிரப்புதல் கூடாது. பதிந்து முடித்தபின், ஏட்டில் எத்தனை வரிகள், கணினியில் எத்தனை திறவுகள் என எண்ணி ஒப்பிடுதல் வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் யாரோ ஒருவர் மற்றொருவரின் கீழே மறைந்துள்ளார் என்பது பொருள். மிகுந்தால் யாரோ ஒருவர் இரண்டாகப் பிளவுபட்டுள்ளார் என்பது பொருள். எவரும் செய்யத்தக்க இச்சிறு சோதனை பெரிய கேடுகளைத் தடுக்கும்.

பாடசாலையிலே இப்பாடத்தைக் கற்பிக்கும்போது தமிழாசிரியரும் தகவல் தொழினுட்ப ஆசிரியரும் ஒரு பாடவேளையேனும் கூடிக் கற்பித்தல் வேண்டும் என்பது என் வேண்டுகோள். நிகண்டின் ஒரு தொகுதியைப் பைதன் அகராதியாக அமைக்குமாறு மாணாக்கரைப் பணிக்கலாம். ஒரு பொருட் பல்பெயரையும் பல்பொருள் ஒருசொல்லையும் வெவ்வேறாக அமைக்கும்போதே, திறவு எது, பெறுமானம் எது என்னும் தெளிவு அவர்க்கு உண்டாகும். தம் வகுப்பு மாணாக்கர் பெயர்களை அவ்வாறே பதிந்து, எத்தனை குறிகள் உள்ளன என எண்ணிப் பார்க்கச் செய்யலாம். தன் பெயர் இலக்கணத்தில் எத்தனை எழுத்து, கணினியில் எத்தனை குறி என ஒருமுறை எண்ணிக் கண்ட பிள்ளை, எழுத்துப்பிழையை அதன்பின் சிறிதென நினையான். தமிழ் கற்பதால் வரும் பயன் யாது என வினவும் பிள்ளைகட்கு இதனினும் நேரான விடை வேறில்லை.

கணினியின் விரைவும் நினைவாற்றலும் வியக்கத்தக்கன. எனினும் பெயரை நாம் இடுவது. பொருளை நாம் வைப்பது. இரண்டையும் பிணைக்கும் பொறுப்பும் நம்முடையதே. பழைய மாணவர் சங்கத்தார் இடாப்புக்களைக் கணினியில் ஏற்றும் நற்பணியைத் தொடங்கும் நாளில், செய்நிரல் வல்லார் ஒருவரோடு ஏடு படிக்கவல்லார் ஒருவரையும், எழுத்தறிந்த தமிழாசிரியர் ஒருவரையும் உடனிருத்துவாராக. இக்கல்லூரியின் படிகளில் ஏறிய எளிய மாணாக்கன் ஒருவனும் பெயரிழந்து போகாதவாறு அவர்கள் பணி நிறைவெய்துக. கல்லூரியன்னை நீடு வாழ்க.